வாயை மூடிக்கிட்டுப் போடுற சத்தம்

தம்பி, ஜன்னல் சீட்ல நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த இன்ஜின் பக்கத்துச் சீட்டுத்தான் தோது. எல்லாரும் சுடுது, அதிருதுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. நான் கேட்டு வாங்கி உக்காருவேன். இந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. ஏன்னு சொல்றேன். காதுல மாட்டியிருக்கீங்கள்ல, அதைக் கொஞ்சம் கழட்டுனீங்கன்னா பேச வசதியா இருக்கும்.

என்ன? சத்தமாச் சொல்லுங்க. செவல்பட்டி தாண்டியா? நல்லதாப் போச்சு, எனக்கும் செவல்பட்டிதான். காலேஜ்ல படிக்கிறீங்களோ? பாத்தாலே தெரியுது. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. கிளாஸ்ல எந்த பெஞ்சு? கடைசியா? சரி சரி, உங்களைச் சொல்லல. உங்க மூஞ்சியப் பாத்தா அப்படிப்பட்ட பிள்ளையாத் தெரியல.

நானும் காலேஜ்லதான் தம்பி படிச்சேன். சிரிக்காதீங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இல்ல, போன ஜூன்ல சேந்தேன். இந்தச் சித்திரையில வெளிய வந்துட்டேன். வரலாறு, முதலாமாண்டு, மத்தியான ஷிப்டு. எனக்குத் தொழில் மைக்செட்டு. பரஞ்சோதி சவுண்ட் சர்வீஸ்னா செவல்பட்டியில சின்னப் புள்ள கூடக் கடையைக் காட்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான். பதினாறு வயசுல ஆம்ப்ளிஃபயர் முன்னாடி உக்காந்தவன், இன்னைக்கு வரைக்கும் எந்திரிக்கல.

மைக்செட்டுக்காரனுக்கு எதுக்குய்யா பி.ஏ.ன்னு எல்லாரும் கேட்டாங்க. நீங்களும் கேக்குறீங்க, வாய் அசையுது பாருங்க. சொல்றேன். கல்யாண வீட்டுல பத்திரிகைய மைக்ல வாசிக்கிறது யாரு? நாந்தான். எனக்குக் குரல் நல்லா இருக்கும். "மாப்பிள்ளையின் தாய்மாமன் திரு. சுந்தரவடிவேலு, எம்.ஏ., பி.எட்., அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்." ஊர்ல எவன் எவன் என்னென்ன படிச்சிருக்கான்னு எல்லாம் எனக்கு மனப்பாடம். அவ்வளவு பேரோட பட்டமும் என் வாய் வழியாத்தான் தம்பி வெளிய வந்துச்சு. மச்சினன் மக கல்யாணத்துல அதே மாதிரி வாசிச்சுக்கிட்டே வர்றேன், நடுவுல என் பேரு வருது. மொட்டையா, "பரஞ்சோதி". முன்னாலயும் ஒண்ணும் இல்ல, பின்னாலயும் ஒண்ணும் இல்ல. மைக் ஆன்ல இருக்கு, பேசாமலும் இருக்க முடியாது. வாசிச்சேன். என் குரல் குழாய்ல போய்க் கண்மாய்க் கரையில இடிச்சுத் திரும்பி வருது, "பரஞ்சோதி, பரஞ்சோதி"ன்னு. அவ்வளவு அவமானமா இருந்துச்சு.

எனக்கு ஒரே பொண்ணு, தேன்மொழி. நர்சிங் படிக்குது. படிப்பு முடிச்சு, கொஞ்ச நாள் வேலை பாத்து, பெறகுதான் கல்யாணம்னு சொல்லியிருச்சு. அதுக்குள்ள நான் பி.ஏ. முடிச்சிரலாம்ல. அது கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து. அதை நானே மைக்ல வாசிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல தம்பி நான். ஒரு நாள் வேலை முடிஞ்சு எல்லாரும் போன பெறகு, வெறும் பொட்டல்ல மைக்கை எடுத்து ஒரு தடவ சொல்லியும் பாத்தேன். "ஹலோ, மைக் டெஸ்டிங், பெண்ணின் தந்தை திரு. பரஞ்சோதி, பி.ஏ., அவர்கள்." நல்லா இருந்துச்சு. கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லல.

மொத நாள் கிளாசுக்குள்ள போறேன், ஒருத்தன் எந்திரிச்சு, "மைக் கட்ட வந்தீங்களாண்ணே?"ங்குறான். அவன் பேரு காசிராஜன். ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிறவன். கடைசி பெஞ்சுக்கு ராசா அவன்தான். "இல்லப்பா, படிக்க வந்தேன்"ன்னேன். மொத்தக் கிளாசும் ஓ...ன்னு கத்துச்சு பாருங்க, அன்னைக்கு ஆரம்பிச்சது. கைதட்டுறாய்ங்க, பெஞ்சுல தாளம் போடுறாய்ங்க, ஒருத்தன் மயில் மாதிரி அகவுறான். நான் நேராப் போய் முன் பெஞ்சுல உக்காந்துட்டேன். முன் பெஞ்சுல எப்பவும் இடம் இருக்கும். உங்களுக்கே தெரியும்.

பாடம் எடுக்க வந்தது ஜெபராணி மேடம். சின்ன வயசு, தங்கமான குணம். என்னைய "அண்ணே"ன்னுதான் கூப்புடுவாங்க. ஒரே குறை, குரல். வாய் அசையும், சத்தம் வராது. இப்படிச் சத்தமே இல்லாத குரலுக்கு எப்படி வேலை குடுத்தாங்களோ! முன் பெஞ்சுல உக்காந்த எனக்கே கேக்கல. ஆனா பின்னாடி இருக்கிற பொம்பளப் பிள்ளைக தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்கும். என்னத்த எழுதும்னு தெரியல. கேக்காதப்ப எதை எழுதுறது? சும்மா பாவலா.

எனக்குக் கேக்காததுக்குக் காரணம் பின்னாடி இருந்து வர்ற கூச்சல். நான் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன் தம்பி. மொதல்ல பொறுமையாச் சொன்னேன். "கண்ணுகளா, அண்ணன் கஷ்டப்பட்டுப் படிக்க வந்திருக்கேன், கொஞ்சம் அமைதியா இருங்கய்யா." சரிண்ணேன்னாய்ங்க. அந்தச் சரிண்ணேயவே ஆளாளுக்கு மாத்தி மாத்தி அந்தப் பீரியடு முடியுற வரைக்கும் சொன்னாய்ங்க. பெறகு பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன். தின்னுட்டு, மறுநாள் "பஜ்ஜி எங்கண்ணே?"ன்னு கத்துனாய்ங்க. காதுல பஞ்சு வச்சுப் பாத்தேன். மேடம் பேசுறது சுத்தமா நின்னு போச்சு, அதான் மிச்சம்.

அப்புறம் நானும் எந்திரிச்சுச் சத்தம் போட ஆரம்பிச்சேன். "டேய், சத்தம் போடாதீங்கடா!" நம்ம தொண்டை தெரியும்ல, மைக் இல்லாமலே மூணு தெரு போகும். மேடம் திடுக்குன்னு சாக்பீசைக் கீழ போட்டுட்டாங்க. பக்கத்துக் கிளாஸ் சார் எட்டிப் பாத்து, "யாருங்க இங்க கத்துறது?"ன்னாரு. நான் பின்னாடி கை காட்டுனேன். அவரு என்னையவே பாக்குறாரு. காலம் அப்படித்தான் தம்பி, தட்டிக் கேக்குறவனைத்தான் மொறைச்சுப் பாப்பாங்க.

என்ன? இல்ல இல்ல, ஒரு நாளைக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் கத்துவேன். சில நாள் கொஞ்சம் கூடும்.

எதுக்கு இந்தப் பாடுன்னுட்டு ஒரு நாள் கடையில இருந்து சின்ன பாக்ஸ் ஒண்ணும் மைக் ஒண்ணும் எடுத்துட்டுப் போனேன். மேடம் கையெடுத்துக் கும்புட்டாங்க. "வேணாம்ணே, எனக்குக் கூச்சமா இருக்கு"ன்னாங்க. நல்லது செய்யும்போது மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் மைக்கை மேசையில வச்சு வால்யூமைத் திருகுனேன். கீய்ங்னு ஒரு சத்தம். எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாய்ங்க. எனக்கு அது பெருசா ஒண்ணும் தெரியல. மேடம் மைக்ல பேசுனாங்க தம்பி, எனக்குக் கேட்டுச்சு! மொத தடவையாக் கேட்டுச்சு. "மராத்தியர் நிர்வாகம்"னாங்க. அந்த ரெண்டு வார்த்தைய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்படித் தேனாட்டம் விழுந்துச்சு.

அதுக்குள்ள காசிராஜன் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கிட்டான். "விழாக் கமிட்டியாரின் அன்பான அறிவிப்பு. முதலாமாண்டு மாணவர் பரஞ்சோதி எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரவும். அவரது பஜ்ஜி காத்திருக்கிறது." அச்சு அசல் என் குரல்லயே சொல்றான். கிளாசே உருளுது. மேடமும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அது எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. பிரின்சிபால் வந்தாரு. அவரும் என்கிட்டத்தான், "இதெல்லாம் இனிமே உள்ள கொண்டாறக் கூடாது"ன்னாரு. மைக்கைப் பிடுங்குனவனை ஒரு வார்த்தை கேக்கல.

மொத செமஸ்டரை எப்படியோ புத்தகத்தை வச்சு ஒப்பேத்திட்டேன். ரெண்டு பேப்பர் பாஸ் கூட ஆயிட்டேன். அந்த ரிசல்ட்டை நாலு பேருக்குக் காட்டுனேன். தேன்மொழி, "அப்பா நீங்க தேறிருவீங்கப்பா"ன்னுச்சு. அது மட்டுந்தான் வீட்டுல என் பக்கத்துல வந்து, மூஞ்சியப் பாத்துப் பேசும். அது அம்மா அப்படி இல்ல. கல்யாணம் ஆன புதுசுல எவ்வளவு மெதுவாப் பேசுவா! இப்ப எதுக்கெடுத்தாலும் கத்துறா. டிவிய கொறைங்கன்னு அதுக்கும் கத்துறா. பொம்பளைகளுக்கு வயசாக ஆகத் தொண்டை பெருசாயிரும் போல.

சொல்ல வந்ததை விட்டுட்டேன். பங்குனிப் பொங்கல். எங்க மாரியம்மன் கோயிலும் காலேஜும் ஒரே ரோடுதான். பத்து நாளும் நம்ம செட்டுத்தான். வேப்ப மரத்துல நாலு குழாய், அதுல ஒண்ணு ஆஸ்டல் பக்கம் பாத்து இருக்கும். அந்த மரத்துக் கெளை அப்படி, நான் என்ன செய்ய? அந்த நேரம் பாத்து மாடல் எக்ஸாம். காசிராஜன் நாலு பயலுகளோட வந்தான். "அண்ணே, படிக்க முடியலண்ணே, அந்த ஒரு குழாயை மட்டும் வேற பக்கம் திருப்பி விடுங்கண்ணே"ன்னான். அவன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும் தம்பி. அன்னைக்கு மைக்கைப் பிடுங்கும்போது இருந்த மூஞ்சியா அது? நான் சொன்னேன், "நான் படிக்கணும்னு உங்க கால்ல விழுகாத குறையாக் கெஞ்சுனேன்ல, நீங்க கேட்டீங்களாடா?" அப்படின்னேன். "அண்ணே, இது ரொம்பச் சத்தம்ணே"ன்னான். "சாமி பாட்டு உனக்குச் சத்தமா இருக்கா? நானே இந்தக் குழாய்க்குக் கீழ உக்காந்துதான் படிக்கிறேன், எனக்கு ஒண்ணும் செய்யலையே"ன்னேன். போயிட்டாய்ங்க. அப்பவே எனக்குத் தெரியும், இதுக்குப் பதிலுக்கு ஏதோ பண்ணப் போறாய்ங்கன்னு.

பண்ணுனாய்ங்க. அதான் தம்பி கதையே.

இந்த வாயை மூடிக்கிட்டுப் போடுற சத்தம் உங்க காலேஜ்லயும் உண்டா? தலைய ஆட்டுறீங்க, அப்ப உண்டு. உதடு ரெண்டும் மூடியிருக்கும். மூக்கு வழியா ம்ம்ம்னு இழுப்பாய்ங்க. வாத்தியார் இந்தப் பக்கம் திரும்புனா அந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் திரும்புனா இந்தப் பக்கம் வரும். எவன் மூஞ்சியப் பாத்தாலும் அப்புராணி மாதிரி இருப்பான். கையும் களவுமாப் பிடிக்கவே முடியாது. மொத செமஸ்டர்ல அப்பப்ப அதைப் போட்டுருக்காய்ங்க. ஆனா பொங்கல் முடிஞ்சு நான் கிளாசுக்குப் போன அன்னைக்கு ஆரம்பிச்சாய்ங்க பாருங்க, விடவே இல்ல. ம்ம்ம்ம்னு ஒரே இழுப்பு. மூச்சு வாங்குறதுக்குக் கூட நிறுத்தல. ஒருத்தன் விட்டா இன்னொருத்தன் பிடிச்சுக்குவான் போல.

அதுலயும் ஒரு தந்திரம். மத்த கூச்சல் இருக்கிறப்ப இதைப் போட மாட்டாய்ங்க. எல்லாரும் அமைதியா ஆனதும்தான் ஆரம்பிப்பாய்ங்க. ஒரு நாள் மேடம் ஏதோ எழுதிப் போட்டுட்டு உக்காந்துட்டாங்க. கிளாசே கப்சிப். எல்லாரும் குனிஞ்சு எழுதுறாய்ங்க. நல்ல பிள்ளைகளாட்டம். எனக்கு மட்டும் அந்த ம்ம்ம் கேக்குது. "எவன்டா அது?"ன்னு எந்திரிச்சுட்டேன். எல்லாரும் நிமுந்து பாக்குறாய்ங்க. ஒருத்தனும் சிரிக்கல தம்பி. அதான் எனக்குப் பயமாப் போச்சு. சிரிச்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு உக்காந்திருப்பேன். மேடம் பக்கத்துல வந்து என் தோள்ல கை வச்சு ஏதோ சொன்னாங்க, கேக்கல.

அப்புறம் காலேஜோட விடல. சாப்பிட உக்காந்தா கேக்குது. கடையில ஒயர் சுத்திக்கிட்டு இருந்தா கேக்குது. வெளிய வந்து பாப்பேன், எவனும் இருக்க மாட்டான். ஓடி ஒளிஞ்சிருவாய்ங்க. ஜெனரேட்டரைப் போட்டு விட்டாத்தான் நிக்கும். சரி, அந்தச் சத்தத்துல இவய்ங்க இழுக்குறது எடுபடலைன்னு விட்டுட்டுப் போயிருவாய்ங்க போல. ஒரு குழாயைத் திருப்பலைங்கிறதுக்கு ஒரு மனுசனை இந்தப் பாடா படுத்துறது?

செமஸ்டர் பரீட்சை வந்துச்சு. நல்லாப் படிச்சிருந்தேன். ஜெனரேட்டர் பக்கத்துல உக்காந்து படிச்சேன், மண்டையில ஏறிருச்சு. கேள்வித்தாளைப் பாக்குறேன், மராத்தியர் நிர்வாகம்! எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு, சந்தோசத்துல. பேனாவைத் தொறக்குறேன். ஹால்ல ஒரு ஈ எறும்பு சத்தம் இல்ல. அந்த அமைதியில, ம்ம்ம்ம். அதுவும் எப்பயும் இல்லாத அளவுக்கு. மண்டைக்குள்ள புகுந்து இழுக்குற மாதிரி இருந்துச்சு. ஒரு வரி எழுதுறேன், அடுத்த வரி மறந்து போகுது. எவ்வளவுதான் பொறுக்குறது? எந்திரிச்சு, "காசிராஜா, பரீட்சையிலயுமாடா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டேனா, கத்துனேனா தெரியல. ஹாலே எந்திரிச்சுருச்சு. அந்தப் பய பேனாவைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே என்னையப் பாக்குறான். உதடு மூடித்தான் இருக்கு. அதான் சொன்னேனே, உதடு மூடித்தான் இருக்கும்.

ஜெபராணி மேடம்தான் அன்னைக்கு ஹாலைப் பாத்துக்கிட்டாங்க. ஓடி வந்தாங்க. குனிஞ்சு என் காதுகிட்ட வந்து, "எழுந்திருங்கண்ணே"ன்னாங்க. எனக்கு உசுரே போயிருச்சு. மத்தவங்க சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். மேடமே எழுந்திருங்கன்னு சொன்ன பெறகு என்ன பேச்சு இருக்கு? பேனாவை மூடிப் பையில சொருகிட்டு விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன். பின்னாலயே கையை ஆட்டிக்கிட்டு வந்தாங்க. போங்க, போங்கன்னு வெரட்டுறாங்களாக்கும்னு நான் திரும்பிக் கூடப் பாக்கல. கேட்டைத் தாண்டி வந்துதான் நின்னேன். அழுகையா வந்துச்சு தம்பி. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள, காலேஜ் கேட்டுக்கு வெளிய நின்னு அழுதேன்.

மறுநாள் காசிராஜன் கடைக்கு வந்தான். என்ன தைரியம் பாருங்க. "அண்ணே, மேடம் உங்களை எழுந்திருக்கச் சொல்லலண்ணே, எழுதுங்கண்ணேன்னுதான் சொன்னாங்க. நான் ரெண்டு பெஞ்சு தள்ளி இருந்தேன், எனக்குக் கேட்டுச்சு. இன்னும் மூணு பேப்பர் இருக்கு, வந்து எழுதச் சொன்னாங்க"ன்னான். எழுதுங்க, எழுந்திருங்க. எப்படிப் பொருத்தமாக் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க! என் காதுகிட்ட வந்து சொன்னது எனக்குத் தெரியாதாம், ரெண்டு பெஞ்சு தள்ளி இருந்தவனுக்குத் தெரியுமாம். "நாங்க யாரும் இழுக்கலண்ணே, அம்மா சத்தியமாண்ணே"ன்னான். அவன் பேசுற வரைக்கும் அந்தச் சத்தம் இல்ல. அவன் பேச்சை நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்தான் பாருங்க, உடனே ம்ம்ம்னு வருது! அப்ப அவன்தானே? வேற யாரு இருக்கா அங்க? போடா வெளியன்னுட்டேன். போனான். போகும்போது கண்ணைத் தொடச்சுக்கிட்டே போன மாதிரி இருந்துச்சு. நடிப்பு.

மூணு பேப்பரும் போச்சு. பிரின்சிபாலைப் போய்ப் பாத்தேன். அவரு ரொம்ப நேரம் பேசுனாரு, கடைசியில சீட்டுல எழுதிக் காட்டுனாரு. டாக்டர்கிட்டக் காதைக் காட்டி சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தாத்தான் இனிமே பரீட்சை ஹாலுக்குள்ள விடுவாங்களாம். ஹால்ல கலாட்டா பண்ணுனது நானாம். கேட்டீங்களா? வருசம் பூராச் சத்தம் போட்டவன் எல்லாம் ரெண்டாமாண்டு போயிட்டான்.

அதுக்குத்தான் தம்பி இன்னைக்கு மதுரைக்கு வந்தது. எனக்கும் அது ஒரு விதத்துல நல்லதாப் பட்டுச்சு. இந்தப் பயலுக போட்ட சத்தத்துலதான் என் காது கெட்டுப் போச்சுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டா, அதைக் கொண்டு போய் பிரின்சிபால் மேசையில போட்டு நியாயம் கேக்கலாம்ல. தேன்மொழிதான் எந்த டாக்டர்னு சொல்லி அனுப்புச்சு. கூட வர்றேன்னுச்சு, நாந்தான் வேணாம்னேன்.

அங்க ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள என்னைய உக்கார வச்சாங்க. கதவை அடைச்சா வெளிச்சத்தம் ஒண்ணும் உள்ள வராதாம். காதுல ஒண்ணை மாட்டி, கையில பட்டனைக் குடுத்து, சத்தம் கேட்டா அமுக்குங்கன்னாங்க. நான் அமுக்கிக்கிட்டே இருந்தேன். விடவே இல்ல. கொஞ்ச நேரத்துல டெஸ்ட் எடுக்கிற பிள்ள கதவைத் தொறந்து சைகையில சொல்லுது, "நான் இன்னும் சத்தமே குடுக்கலண்ணே"ன்னு. அதெப்படி? கேக்குதே எனக்கு. கூண்டு சரியில்லன்னு நெனைக்கிறேன். பழைய கூண்டு.

டாக்டரும் மேடம் மாதிரிதான், வாய் மட்டும் அசையுது. வெளிய வேற ஒரே கூட்டம். என்ன தொழில்னாரு, சொன்னேன். எத்தனை வருசம்னாரு, சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாரு. பெறகு எந்திரிச்சு வந்து என் காதுகிட்டக் கத்துனாரு. "இது போகாது. பழகிக்கங்க"ன்னாரு. இதைச் சொல்ல ஒரு டாக்டரா? பயலுக பண்ற அநியாயத்தைப் பழகிக்கன்னா எப்படித் தம்பி பழகிக்கிறது? நீங்களே சொல்லுங்க.

என்ன, வண்டி நிக்குது? ரயில்வே கேட்டு போட்டுட்டானா. இந்தக் கேட்ல நின்னா கால் மணி நேரம் ஆகும். டிரைவரே, இன்ஜினை ஓட விடுங்க. ஏங்க, டிரைவரே! அமத்திட்டாரே. டீசலை மிச்சம் பிடிக்கிறாராம்.

இந்தா. வந்துருச்சு.

ம்ம்ம்ம். கேக்குதா தம்பி? பின்னாடி சீட்ல யாரு இருக்கா, பாருங்க. உங்க காலேஜ் பசங்களா? ஒருத்தரும் இல்லையா? அந்தக் கைப்பிள்ளைக்காரம்மா மட்டுந்தானா? நீங்க... நீங்க இழுக்கலையே? கோவிச்சுக்காதீங்க. உங்க உதடு மூடியிருக்கு, அதான் கேட்டேன்.

கேக்கலையா? நல்லா உத்துக் கேளுங்க. நெசமாவே கேக்கலையா?

அந்தக் கூண்டுக்குள்ள நான் மட்டுந்தான் தம்பி இருந்தேன். அதை நெனைச்சுக்கிட்டேதான் வந்தேன். கதவை அடைச்சிருந்துச்சு. காசிராஜன் மதுரைக்கு எதுக்கு வரப் போறான்? அந்தப் பய அம்மா மேல சத்தியம் பண்ணுனான். அவனுக்கு அம்மா கெடையாதுன்னு, நான் பிரின்சிபாலைப் பாக்கப் போன அன்னைக்கு மேடம் சொன்னாங்களோ, இல்ல அம்மா மட்டுந்தான்னு சொன்னாங்களோ, எனக்குச் சரியாக் கேக்கல.

கிளாஸ்ல அவய்ங்க கத்திக்கிட்டு இருக்கிறப்ப இது இருந்ததே இல்ல. தாளம் போடும்போது இல்ல. மயில் மாதிரி அகவுனப்ப இல்ல. சத்தம் போடாதீங்கடா, சத்தம் போடாதீங்கடான்னு நாந்தான் நிறுத்துனேன். இனிமே எந்தப் பரீட்சை ஹால்ல போய் உக்காந்தாலும் அமைதியாத்தானே தம்பி இருக்கும்? அமைதியா இருந்தா நான் எப்படி எழுதுவேன்? சர்டிபிகேட் வாங்கித்தான் என்ன பண்ண? பத்திரிகையில மொட்டையாத்தான் போடணும்.

ரயில் எங்க தம்பி? தெரியுதா? இன்னும் வரலையா?

ஏதாச்சும் பேசுங்க தம்பி. சும்மா இருக்காதீங்க. உங்க கடைசி பெஞ்சுல என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க. கேக்குதோ கேக்கலையோ, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க. நல்லாக் கத்திச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பலகையில தாளமாச்சும் போடுங்க தம்பி, உங்களுக்குத்தான் நல்லா வருமே.